ஸ்டெம் செல் ஊசியும் பிறவிப் பார்வைக் குறையும்

பார்வை நரம்பு வளர்ச்சிக் குறை என்பது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கருவிலேயே சரியாக வளராமல் மெலிந்து நிற்பது. இயல்பான நரம்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு; இந்தக் குழந்தைகளுக்கு அதில் கொஞ்சம்தான். பிறந்து சில மாதங்களில், முகம் பார்த்துச் சிரிக்காமல் கண் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருப்பதைத் தாய் கவனித்துவிடுவாள். அதற்கடுத்த வாரமே யாராவது ஒருவர் கைத்தொலைபேசியில் வீடியோ காட்டுவார்: சீனாவில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வந்துவிடுமாம். இலங்கை மலையகத்தில், புசல்லாவைத் தோட்டத்து லயத்தில் தோடு அடகுக்குப் போவதும், சீட்டுப் பணம் கைமாறுவதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

பார்வை வராது. தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை முதுகுத்தண்டு நீரிலோ இரத்தத்திலோ ஏற்றினால், அது கண்ணைத் தேடிப் போய், லட்சக்கணக்கான இழைகளாக நீண்டு, மூளையில் உரிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஷென்சென் நகரின் பெய்க்கே நிறுவனம் இதற்கெனக் குழந்தைகளை வரவழைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனைக் கண் வைத்தியர் மார்க் போர்செர்ட்டின் குழு அதைச் சோதிக்க முன்வந்தது. 10 குழந்தைகளை அனுப்ப நிறுவனம் ஒப்புக்கொண்டது, கிடைத்தது இருவர்தான். அந்த இருவருக்கும் பலன் இல்லை என்று 2013இல் வெளியான ஆய்வறிக்கை சொல்கிறது. பிறகு எப்படி வீடியோவில் குழந்தை பந்தைப் பிடிக்கிறது? மூளை முதிர முதிர, இக்குறையுள்ள பல குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகளில் பார்வை தானாகவே சற்றுக் கூடும். ஊசி போடாத குழந்தைக்கும் கூடும். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

“பரிசோதனைச் சிகிச்சை” என்றாலே காசு கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முறையான ஆய்வில் பரிசோதிக்கப்படும் மருந்துக்குப் பொதுவாக நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அச்சிகிச்சையின் பெயர் இருப்பதும் அத்தாட்சி ஆகாது. புளோரிடாவில் பணம் கட்டி இரு கண்ணிலும் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பறிகொடுத்த விவரம் 2017இல் வெளியானது. அவர்களில் சிலர் அந்தப் பதிவேட்டை நம்பிப் போனவர்கள்.

இந்தக் கூத்தில் தவறிப்போவது ஹோர்மோன் சோதனை. நரம்பு மெலிந்த குழந்தைகளில் பலருக்கு ஹோர்மோன் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியும் குறைப்பட்டிருக்கும். கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் போதாத குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலே உயிராபத்தாக முடியலாம். அதற்கு மருந்து உண்டு, மாத்திரையாகவே உண்டு. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாகப் பஸ்ஸில் போனால் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. கடவுச்சீட்டு எடுக்க அலைவதற்கு முன் போக வேண்டிய இடம் அது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. மரபணுச் சிகிச்சை எல்லாப் பிறவிக் குறைக்கும் என்பது தவறு: 2017இல் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற சிகிச்சை, ஆர்பிஈ65 மரபணுப் பழுது உள்ளவர்களுக்கு மட்டுமே. கண்ணையே மாற்றிப் பார்வை பெறலாம் என்பதும் தவறு. தானமாகக் கிடைத்த கண்ணிலிருந்து பார்வை தருவதற்குப் பொருத்துவது கருவிழியின் முன்படலத்தைத்தான். கிரகணம் பார்த்த கர்ப்பிணி மேல் பழி போடுவது வெறும் கொடுமை.

“வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்யலாம்” என்பது மட்டும் ஆபத்தான சொல். பிறவிக் கண்புரையைப் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் அகற்ற வேண்டும். பிந்தினால் மூளை பார்க்கப் பழகாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது கண்புற்றாகவும் இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

மீளாத குறைக்கு வேண்டியது பள்ளிக்கூடம். இரத்மலானையிலுள்ள பார்வையற்றோர் பாடசாலை 1912இலேயே தொடங்கப்பட்டது. சுன்னாகத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான வாழ்வகம் இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைக்கு இரண்டுமே தொலைவு. ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் பிரித்து அனுப்பாமல், பிரெயில் தெரிந்த தமிழ்மொழி ஆசிரியர் ஒருவரையாவது அருகிலுள்ள பாடசாலைக்குத் தரும்படி பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தோட்டத்தில் சேரும் சீட்டுப் பணமும் அந்தப் பிள்ளையின் பிரெயில் சிலேட்டுக்கும் வெள்ளைப் பிரம்புக்கும் போகட்டும்.