கணினி பூட்டப் போகும் நண்பருக்கு

விளையாட்டுக்கென ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட விரும்பும் நம் சங்கத்து நண்பர்கள் சிலர், "எதற்கு எவ்வளவு செலவிடலாம்?" என்று என்னைக் கேட்பதுண்டு. நான் வேதியியல் மாணவன், பொறிஞன் அல்லன். ஆயினும் பட்டுத் தெளிந்தவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன்.

முதற்கண் ஓர் அடிப்படையை விளங்கிக்கொள்வோம். திரையில் நாம் காணும் ஆட்டம், சினிமாவைப் போலவே, அடுத்தடுத்து வரும் தனிப் படங்களால் ஆனது. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில், ஒரு படத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. பிராசசர் கணக்கை முடித்துக் கொடுக்க, கிராபிக்ஸ் கார்டு படத்தை வரைகிறது. அது வரையும்போதே பிராசசர் அடுத்த கணக்கைத் தொடங்கிவிடுகிறது. பிராசசருக்கு 10 மில்லி வினாடியும், கார்டுக்கு 25 மில்லி வினாடியும் ஆகுமானால், வினாடிக்கு 40 படங்களே வரும். இருமடங்கு வேகமான பிராசசரை வாங்கினாலும் அந்த 40 நாற்பதாகவே நிற்கும். பல படிகளில் நிகழும் வினையின் வேகத்தை மிக மெதுவான படியே நிர்ணயிக்கிறது என்று நாம் படித்ததில்லையா? அதே விதிதான் இங்கும்.

ஆகவே, முதலில் திரையை முடிவு செய்யுங்கள். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 3840 × 2160 திரையில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. கார்டின் சுமையும் அதற்கேற்ப ஏறும். விடுதி மேசைக்கு முதல் வகையே போதும். பிறகு, கையிலுள்ள தொகையில் பத்தில் நான்கு பங்கைக் கார்டுக்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது பொருத்தம். ஏ.எம்.4 மதர்போர்டுக்கு டி.டி.ஆர்.4 ராம், ஏ.எம்.5 ஆனால் டி.டி.ஆர்.5 மட்டுமே. ஒன்றிலுள்ளது மற்றதில் நுழையாது. ராம் 16 ஜி.பி. வேண்டுமெனில் எட்டு எட்டாக இரண்டு வாங்குக. இரு வழிகளில் தகவல் ஓடும். கார்டைப் பிறகு வாங்கலாமென்று ரைசன் 5 5600 பிராசசரை மட்டும் வாங்கினால் திரை இருண்டே கிடக்கும்; அதற்குப் படம் காட்டும் திறன் இல்லை. 5600ஜி பிராசசருக்கு உண்டு.

இனி, பலரும் கடைசியாக நினைக்கும் எஸ்.எம்.பி.எஸ். என் முதற்கணினிக்காக அம்மா சீட்டு எடுத்துப் பணம் அனுப்பினார். வண்ண விளக்குகள் மின்னும் கேபினெட்டில் மயங்கிய நான், அந்தச் செலவை ஈடுகட்டப் பெயரறியாத எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கினேன். மூன்றாம் மாதம் அது புகைந்தது. மதர்போர்டும் உடன் போயிற்று. ரசீது இல்லாமையால் கடைக்காரர் கையை விரித்தார். அம்மாவிடம் இன்றுவரை நான் அதைச் சொல்லவில்லை.

கணக்கோ எளிது. ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட். 5600 பிராசசருக்கு 65 வாட் என்பது குறிப்பு, சற்றுக் கூடவும் இழுக்கும். மற்றவற்றிற்கு ஓர் 50 வாட் வைத்தாலும் மொத்தம் 250 அளவே. திடீர் ஏற்றங்களைத் தாங்க 500 அல்லது 550 வாட் போதுமானது. 80 பிளஸ் முத்திரை மின் சிக்கனத்தையே காட்டும். பாதுகாப்புக்கு உறுதி தராது. நல்ல பெயரும் சில ஆண்டு உத்தரவாதமும் உள்ளதை வாங்குங்கள். ரசீதில் வரிசை எண் எழுதப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

கார்டு, எஸ்.எம்.பி.எஸ். இரண்டையும் தவிர மற்றவற்றில் சிக்கனம் பிடிக்கலாம். விளக்குகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஐயமுள்ளோர் சங்கக் கூட்டத்தில் என்னைக் காணலாம். நேரு பிளேஸுக்கு உடன் வரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.