மன்னாருக்கு முன்னால் சூலூர்ப்பேட்டை

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்து, நாமே ஓட்டிக்கிட்டுப் போய்ப் பறவை பார்க்கணும். இந்த ஆசை எங்க செட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. நாலு பேரும் திருத்தணி பக்கத்துப் பசங்க. பாஸ்போர்ட் எல்லார்கிட்டயும் இருக்கு, காசு யார்கிட்டயும் இல்லை. அதனால் இலங்கை, அதிலும் மன்னார் என்று முடிவாச்சு. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேர விமானம். அங்கேயும் நம்மளை மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். மன்னாரில் தமிழே போதும். எல்லாத்துக்கும் மேல, ஒரு காயல் மேல போடப்பட்ட பாதை வழியாகத்தான் மன்னார் தீவுக்குள் நுழையணும். குளிர்காலத்தில் அந்தப் பாதையின் ஓரத்துத் தண்ணியில் பூநாரைகள் நிற்கும்.

இதே அமைப்பு நமக்கு ரொம்பப் பக்கத்திலும் இருக்கு. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியை நடுவில் வெட்டிப் போகிறது. திருத்தணியிலிருந்து திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, தடா வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். காசு கட்டி அங்கே போய்ச் செய்யும் தப்பை முதலில் இங்கே செய்து பார்ப்போம் என்று போன ஜனவரியில் கிளம்பினோம். விளையாட்டாகச் சொன்னது அப்படியே நடந்தது.

முதலில் மாதம். பூநாரை நீந்தி மேய்வதை விட நின்று மேய்வதுதான் அதிகம். அதன் கால் எட்டும் ஆழத்துக்குத் தண்ணி இறங்கணும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். ஏரி நிரம்பி வழியும்போது போனால் வெறும் தண்ணியைப் பார்த்துட்டு வரலாம். ஜனவரி, பிப்ரவரியில் மட்டம் குறைந்து சேற்றுத் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். மன்னாருக்கும் அதே பருவமழைதான், அதனால் அதே கணக்குதான். செமஸ்டர் லீவு கிடைக்கிற மாதத்தில் டிக்கெட் போட்டுவிட்டு அப்புறம் பறவையைத் தேடுவது தலைகீழ் வேலை.

அடுத்தது வெயில். பத்து மணிக்கு மேல் தரை சூடாகிக் கானல் எழும்பும். எவ்வளவு நல்ல பைனாகுலராக இருந்தாலும் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பறவை நெளிகிற வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். காசு கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இதுக்கு மருந்து இல்லை. ஸ்ரீஹரிகோட்டா சாலை கிழக்கே போகிறது, காலையில் சூரியன் ஓட்டுபவர் கண்ணில் நேராக அடிக்கும். மன்னார் பாதை தீவை நோக்கி வடமேற்கே போவதால் காலையில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மேப்பில் தூரத்தை மட்டும் பார்க்காதீங்க, சாலை எந்தத் திசையில் போகுதுன்னும் பாருங்க.

இப்போ எங்க கதை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம், கார் சித்தப்பாவோடது, ஓட்டினது நான். ஏரிப் பாதையில் ஏறியதும் இடது பக்கம் நூறு பூநாரை இருக்கும். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. பின்னால் வந்த லாரி விட்ட ஹார்னில்தான் நடுரோட்டில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது புரிந்தது. பதறிப்போய் ஓரத்தில் இறக்கினேன். ஏரித் தரை மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, காய்ந்து, கெட்டியாகத் தெரிந்தது. முன் சக்கரம் ரெண்டும் அந்த மேலோட்டை உடைத்துக்கொண்டு கீழே இருந்த சேற்றில் இறங்கிவிட்டன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம்.

அந்தப் பக்கம் வந்த ஒரு டிராக்டர்காரர் கயிறு எடுத்தார். "கொக்கி எங்கேப்பா?" என்றார். மெக்கானிக்கல் படிக்கிற ரெண்டு பேர் உட்பட நாலு பேருக்கும் தெரியலை. பல சின்ன கார்களில் இழுவைக் கொக்கி தனியாக, ஜாக்கி கூட டிக்கியில்தான் இருக்கும். பம்பரில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி அதைத் திருகி மாட்டணும். அவரே தேடி எடுத்து மாட்டினார். கார் வெளியே வரும்போது மணி பத்தரை, கானல் ஏறிவிட்டது. அவர் காசு வாங்கலை. சித்தப்பாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லலை.

மன்னாரில் இதே நடந்தால்? அங்கே சித்தப்பா கார் கிடையாது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் ரோட்டை விட்டு இறக்கியதால் வரும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது, முழுக்க நம்ம கைக்காசு. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பத்தியையாவது படிங்க. நம்ம ஊர் விஷயமும் ஒண்ணு: நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கணும். "தெரிஞ்சவர் வண்டி, நாளுக்கு இவ்வளவு" என்று கிடைக்கும் வெள்ளை போர்டு கார் சொந்த உபயோகத்துக்கு மட்டும் இன்சூர் செய்யப்பட்டது. வாடகைக்கு விட்டது தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. இந்திய லைசென்ஸை மட்டும் காட்டி இலங்கையில் ஓட்ட முடியாது. நம்ம ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அதுக்கு மேல் இலங்கையின் உள்ளூர் அங்கீகாரமும் வேணும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டினருக்குத் தற்காலிக லைசென்ஸ் கொடுக்கிறார்கள். வயசையும் பாருங்க. லைசென்ஸுக்குப் 18 போதும், ஆனால் வாடகை கம்பெனிகள் பல 21-க்குக் கீழே வண்டி தருவதில்லை. எங்களில் ஒருத்தன் இதிலேயே அவுட்.

கட்டுநாயக்கவிலிருந்து புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார் 280 கிலோமீட்டருக்குக் குறையாது. ஊருக்குள் 50, வெளியே 70 தான் வேக வரம்பு. ராத்திரி விமானத்தில் இறங்கி, தூக்கக் கண்ணோடு இதை ஒரே மூச்சில் ஓட்டுவது முட்டாள்தனம். அனுராதபுரத்தைத் தாண்டினால் இருட்டியபின் யானை ரோட்டைக் கடக்கும். அதனால் முதல் ராத்திரி அனுராதபுரத்தில் தங்கல் என்று மாற்றிவிட்டோம்.

மன்னாரில் என்ன பார்ப்போம் என்பதில் ஏமாறாதீங்க. இலங்கைப் பறவை ஆர்வலர்கள் அங்கே விழுந்தடித்துப் போவது கௌதாரிக்காகவும்தான், ஏன்னா அவங்க நாட்டில் அது வறண்ட வடபகுதியில் மட்டும் இருக்கு. நமக்கு அது திருத்தணி மலையடிவார முள்காட்டில் தினமும் கத்துகிற பறவை. இலங்கைக்கு மட்டுமே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் வேணும்னா சிங்கராஜா மழைக்காட்டுக்குத்தான் போகணும். ஆனா அங்கே வழிகாட்டியோடு நடக்கணும், அட்டை கடிக்கும், கார் வாசலில் சும்மா நிற்கும். யால போனாலும் சஃபாரி ஜீப்தான். நாமே ஓட்டும் கார் உண்மையில் உபயோகப்படுவது மன்னார் மாதிரி ரோட்டோரமே பறவை நிற்கும் இடத்தில்தான்.

பழைய வழிகாட்டிப் புத்தகத்தையும் நம்பாதீங்க. தெற்கே பூந்தல, 1990-ல் இலங்கையின் முதல் ராம்சர் தலமானது, பூநாரைக்குப் பேர்போனது. பாசனக் கால்வாய்களின் நன்னீர் காயலுக்குள் வடிந்து உப்புத்தன்மை குறைந்தது, பூநாரைக் கூட்டம் வருவதை நிறுத்திவிட்டது. புத்தகத்தில் மட்டும் அது இன்னும் நிற்கும். ஈபேர்ட் தளத்தில் அந்த இடத்தின் போன வருஷப் பதிவுகளைப் பார்த்துவிட்டு ரூட் போடுங்க.

அன்னைக்குச் சேற்றிலிருந்து வெளியே வந்தபின், நெடுஞ்சாலை 16-ல் வடக்கே இருபது கிலோமீட்டர் தள்ளி நேலப்பட்டுக்குப் போனோம். வெயிலில் என்ன தெரியப்போகுது என்ற சலிப்போடுதான். ஆனா அங்கே பறவை தூரத்தில் இல்லை. தண்ணிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன, குஞ்சு அம்மாவின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக விட்டு மீனை இழுத்தது. மூணு பேரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஏன்னா கார் நிழலில் நின்றது, சாவி பாக்கெட்டில் இருந்தது.

அதிலிருந்து வந்த விதி ஒண்ணுதான் எங்க பிளானின் முதல் வரியில் இருக்கு: ஸ்டீயரிங்கில் இருப்பவன் கழுத்தில் பைனாகுலர் தொங்கக் கூடாது. சர்வதேச அனுமதி ரெண்டு பேருக்கு எடுக்கிறோம். முதல் நாள் காலை மன்னார் பாதையில் யார் ஓட்டுவது என்று மட்டும் இன்னும் முடிவாகலை. சீட்டுக் குலுக்கலாம்னு இருக்கோம்.