மாத்திரையை நிறுத்த குவாண்டம் சொல்லவில்லை

அந்தமானின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஹேவ்லாக் கப்பலுக்கு நிற்கும் வரிசையில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. "பார்க்கிறவன் மனசுதான் சார் அணுவையே மாத்துது, விஞ்ஞானமே ஒத்துக்கிச்சு. அப்புறம் சுகர் எம்மாத்திரம்?" இதை நம்பி மாத்திரையை விட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இயற்பியல் பாடம் எடுக்கிறவன் சொல்கிறேன்: விஞ்ஞானம் அப்படி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

இவர்கள் ஆதாரம் காட்டும் அணுச் சோதனைகளில் 'பார்ப்பது' கருவி; மனிதன் தூங்கினாலும் முடிவு அதேதான். 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறே அலைபோல் நடந்துகொண்டது. 2004இல் அதே நகரத்து ஆய்வாளர்கள் 70 கார்பன் அணுக்கள் கொண்டதை லேசரால் சூடேற்றினார்கள். சூட்டில் அது உமிழ்ந்த ஒளியே அலைக்குணத்தை அழித்துவிட்டது. யாருடைய மனமும் அங்கே தேவைப்படவில்லை.

மூளையோ 37 டிகிரிச் சூட்டில் நீரில் ஊறிக் கிடக்கிறது. நரம்புக்குள் குவாண்டம் நிலை எவ்வளவு நேரம் தாங்கும் என்று இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்கிட்டார்: அதிகபட்சம் ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. நரம்பு ஒரு துடிப்பை அனுப்பவே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். நனவுக்கு மூளையின் குவாண்டம் நிகழ்வே காரணம் என்று சொல்லும் பென்ரோஸும் ஹாமராஃபும் இதை மறுத்து வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அவர்களுடையது ஊகம், நிரூபணமாகவில்லை. நிரூபணமானாலும் அது இன்சுலினுக்கு மாற்றாகாது.

கழுத்தில் தொங்கும் 'குவாண்டம்' பதக்கமா? கழற்றுங்கள். அப்படிப்பட்ட பொருள்கள் சிலவற்றில் கதிரியக்கம் இருப்பதாக நெதர்லாந்து அரசு 2021இல் எச்சரித்தது. ஒளிச்சேர்க்கையில் குவாண்டம் மாயம் என்ற 2007ஆம் ஆண்டுப் பரபரப்பும் பிந்தைய ஆய்வுகளில் அடங்கிவிட்டது.

உயிர்களில் குவாண்டம் தேட நல்ல இடம் வழியறியும் திறன். வலசைப் பறவையின் கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் புரதம் காந்தப்புலத்தை உணர்வதைச் சோதனைக்குழாயில் 2021இல் காட்டினார்கள். பெருந்தலை ஆமைக் குஞ்சுகளுக்குத் திசையறிய ஒரு வழி, இடமறிய இன்னொரு வழி என 2025இல் தெரியவந்தது. ரேடியோ அலை முதலாவதை மட்டுமே குலைத்தது; குவாண்டம் வழியில் இயங்கும் திசையறிதலில் எதிர்பார்ப்பதும் அதுதான்.

நம் தோணி ஆமைகளும் பெருங்கடல் கடந்து கிரேட் நிகோபாரின் கலத்தியா விரிகுடாவுக்கு முட்டையிட வருகின்றன. அங்கிருந்த வனவிலங்குச் சரணாலயத்தின் தகுதியை 2021 ஜனவரியில் நீக்கினார்கள், துறைமுகம் கட்ட. வாட்ஸப்பில் மனோசக்தி அனுப்புகிறவர்களே, அந்தக் கரையை விட்டுவைக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.