பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர்: திரையைவிட உள்ளீடு முக்கியம்

புக்கிட் பாஞ்சாங் வீவக வீட்டு ஹாம் வானொலிக்காகப் பழைய எச்பி 8591ஈ ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்குவோர் முதலில் அதன் உள்ளீட்டுப் பகுதியைச் சோதிக்க வேண்டும். மங்கிய திரையோடு சமாளிக்கலாம். ஆனால் உள்ளீட்டுப் பகுதியில் உள்ள மிக்சர் எரிந்திருந்தால், கருவி காட்டும் அளவை நம்ப முடியாது. கருவி தானே தரும் 300 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை உள்ளீட்டில் இணைத்தால் மைனஸ் 20 டிபிஎம் காட்ட வேண்டும். உள் அட்டென்யூவேட்டரை 10 டிபி கூட்டினால் அந்த அளவு நகராமல், இரைச்சல் தளம் மட்டும் 10 டிபி உயர வேண்டும். இவற்றைச் செய்துகாட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். 'டைனிஎஸ்ஏ என்ற மலிவான சிறு அனலைசரைப் புதிதாக வாங்கினால் போதாதா?' என்றால், ஹார்மோனிக்ஸ் பார்க்க மட்டும் அது போதும். வலுத்த சிக்னலுக்கருகே மெலிந்ததை அளக்கப் பெரிய கருவியே மேல். ஆனால் 8591ஈ தாங்குவது 1 வாட்தான். 5 வாட் கைவானொலியை நேரே இணைக்காமல், அந்தத் திறனைத் தாங்கும் 40 டிபி அட்டென்யூவேட்டர் வழியாக இணையுங்கள். அதன் விலையையும் பட்ஜெட்டில் சேருங்கள்.