பக்கத்திற்குத் தலையும் காலும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

ஒரு செய்தி விளங்காவிட்டால் "தலைகால் புரியவில்லை" என்கிறோம். ஒரு நூலின் பக்கத்திற்கும் தலையும் காலும் உண்டு என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். பக்கத்தின் உச்சியில் நூற்பெயரோ இயற்பெயரோ தாங்கி நிற்கும் வரியை ஆங்கிலத்தில் ஹெடர் என்பர். அடியில் பக்க எண் தாங்கி நிற்கும் வரியை ஃபுட்டர் என்பர். இக்கட்டுரையில் அவற்றைத் தலைவரி, அடிவரி என்றே குறிப்பிடுகிறேன். அடிக்குறிப்பு வேறு, அடிவரி வேறு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டு மாணவர்களுக்காக எங்கள் துறையில் ஒரு செய்முறைக் கையேடு தேவைப்பட்டது. பேராசிரியர் கையால் எழுதித் தந்ததைக் கல்லூரிக் கணிப்பொறியில், லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்னும் மென்பொருளில் தட்டச்சு செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. 2010ஆம் ஆண்டு ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம்.

பக்க எண் இடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும் 1, 2, 3 என்று நானே தட்டச்சு செய்தேன். பின்னர் மூன்றாம் பக்கத்தில் நான்கு வரிகள் சேர்க்க நேர்ந்தது. உடனே எண்கள் யாவும் இடம் பெயர்ந்து அடுத்தடுத்த பக்கங்களின் நடுவே வந்து நின்றன. சலித்துப்போய் எல்லா எண்களையும் அழித்துவிட்டு, 46 தாள்களை அப்படியே அச்செடுத்துக்கொண்டு வீட்டிற்குப் புறப்பட்டேன். பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருந்தபோது தாள்களைக் கட்டியிருந்த ரப்பர் வளையம் அறுந்தது. காற்று தன் வேலையைச் செய்தது. பயணிகள் பொறுக்கிக் கொடுத்ததால் தாள்கள் தப்பின, வரிசை தப்பவில்லை.

என் தந்தையார் நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். எழுத்துப் படிக்கத் தெரியாது. எண்கள் நன்றாகத் தெரியும். அன்றிரவு தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் தவிப்பதைப் பார்த்து, "குடு தம்பி, நான் அடுக்கித் தர்றேன்" என்று உட்கார்ந்தார். இரண்டு மூன்று தாள்களைத் திருப்பிப் பார்த்தார். "மூட்டைக்கே நம்பர் எழுதித்தான் லாரியில ஏத்துறோம். இவ்வளவு படிக்கிற புள்ளைங்க தாளுக்கு ஒரு நம்பர் போடக் கூடாதா?" என்றார். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. நள்ளிரவு வரை தனியாகவே அடுக்கினேன். அப்படியும் ஒரேமாதிரி தோன்றிய இரண்டு அட்டவணைத் தாள்கள் இடம் மாறிவிட்டன. மறுநாள் பேராசிரியர்தாம் அதைக் கண்டார். கண்டிராவிட்டால் கூட்டு ஊசலின் அளவுகளை மாணவர்கள் வேறொரு சோதனையின் அட்டவணையில் எழுதியிருப்பார்கள். "எண்ணை நீ எழுதாதே, எழுதும்படி பக்கத்திற்குக் கட்டளை கொடு" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையின் சாரம்.

எண்ணிடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பனையோலைச் சுவடிகளில் ஓரத்தில் தமிழ் எண்ணால் ஏட்டெண் இட்டனர் நம் முன்னோர். கயிறு அறுந்தாலும் ஏடு கலையாதிருக்க அதுவே காப்பு. ஐரோப்பாவில் தொடக்ககால அச்சு நூல்கள் பலவற்றில் எண்கள் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1470ஆம் ஆண்டு அச்சான ஒரு நூலே எண் அச்சிடப்பட்ட முதல் நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பழைய நூல்கள் பலவற்றில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை இப்பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டனர். அதுவும் வரிசை காக்கும் உபாயமே.

இனி, நான் கற்ற முறையைச் சொல்கிறேன்.

முதலாவது, அடிவரி. இன்சர்ட் என்னும் பட்டியலில் 'ஹெடர் அண்ட் ஃபுட்டர்' சென்று, ஃபுட்டரைத் தேர்ந்தால் எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஒரு கட்டம் தோன்றும். அதற்குள் நின்று, இன்சர்ட், ஃபீல்டு, பேஜ் நம்பர் என்று கொடுக்க வேண்டும். ஃபீல்டு என்பது எழுத்தன்று, கட்டளை. 'நீ எந்தப் பக்கத்தில் நிற்கிறாயோ அந்த எண்ணைக் காட்டு' என்பதே அதன் பொருள். இடையில் பத்துப் பக்கம் சேர்த்தாலும் எண்கள் தாமே திருந்திக்கொள்ளும்.

இரண்டாவது, முதற்பக்கம். அட்டைப் பக்கத்தில் எண் இருப்பது அழகன்று. ஃபார்மட் பட்டியலின் பேஜ் ஸ்டைலில், ஃபுட்டர் பகுதிக்குச் சென்று, முதற்பக்கத்திலும் அதே உள்ளடக்கம் என்னும் குறியை நீக்கினால் போதும். இருபுறமும் அச்சிடுவதாயின், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றே என்னும் குறியையும் நீக்குக. இடப்பக்க எண்ணை இடது ஓரத்திலும் வலப்பக்க எண்ணை வலது ஓரத்திலும் அமைத்தால், புரட்டும் விரலுக்கு அருகிலேயே எண் தெரியும்.

மூன்றாவது, முன்னுரை. அதற்குத் தனியாக ஒரு பேஜ் ஸ்டைல் உண்டாக்கிச் சிறிய ரோமன் எண்களைத் தரலாம். நூல் தொடங்குமிடத்தில் 'மேனுவல் பிரேக்' கொடுத்து, அடுத்த பேஜ் ஸ்டைலைத் தேர்ந்து, பக்க எண் 1 என்று குறிக்க வேண்டும். ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கத்திலேயே விழும். தேவையானால் மென்பொருள் தானே ஒரு வெற்றுப் பக்கத்தை இடையில் வைக்கும். அதைக் கண்டு நான் முதலில் பிழை என்று அஞ்சினேன்.

நான்காவது, தலைவரி. ஒவ்வொரு சோதனையின் பெயரையும் தடித்த எழுத்தில் அடித்தால் மட்டும் போதாது. 'ஹெடிங் 1' என்னும் பாணியில் அமைக்க வேண்டும். பின் தலைவரியில் இயல் தலைப்பைக் காட்டும் ஃபீல்டை இட்டால், யங் குணகம் உள்ள பக்கங்களில் அப்பெயரும், நியூட்டன் வளையங்கள் உள்ள பக்கங்களில் அப்பெயரும் தாமே தோன்றும்.

ஓர் எச்சரிக்கை. '5 / 46' என்று மொத்தப் பக்கத்தையும் காட்டும் ஃபீல்டு உண்டு. கடைசித் தாள் தொலைந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அது அட்டையையும் முன்னுரையையும் சேர்த்தே எண்ணும். ஆதலால் இடையில் எண்ணை 1 என்று மாற்றியவர்கள் அதைத் தவிர்ப்பது நலம்.

கையேடு திருத்தமாக அமைந்தபின் ஐந்து பிரதிகள் அச்செடுத்தோம். தைப்பதற்கு முன் அவற்றை வீட்டிற்குக் கொண்டு சென்றேன். இம்முறை தாள்களை வேண்டுமென்றே கலைத்துத் தந்தையாரிடம் கொடுத்தேன். என் தாயார் சோறு வடித்து இறக்குவதற்குள் ஐந்தையும் அடுக்கி முடித்தார். பிறகு ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, "கீழ இருக்கிறது எனக்குத் தெரியுது. மேல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஒவ்வொரு சோதனையின் பெயரையும் படித்துக் காட்டினேன்.

நண்பர்களே, நாம் தயாரிக்கும் தாள்கள் யார் கைக்குச் செல்லும் என்று நமக்குத் தெரியாது. அச்சகத்தில் அடுக்குபவர், தைப்பவர், சுமப்பவர் யாவரும் அதன் வாசகர்களே. அவர்களுக்காகவேனும் அடுத்த முறை உங்கள் ஆய்வேட்டிற்குத் தலையும் காலும் அமைத்துக் கொடுங்கள். கால்மணி நேர வேலைதான்.