கரிசல் புழுதியில் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு

கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸிலோ டிடிபி சென்டரிலோ பழைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச் உண்டு. பழையவற்றில் இருப்பது செர்ரியின் நீல சுவிட்ச். 5 கோடி அழுத்தம் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. டிவிஎஸ்ஸின் 'சாம்ப்' கீபோர்டோ ரப்பர் மெம்பிரேன் வகை. அதில் நீல சுவிட்சின் 'டிக்' சத்தம் வராது. பழையது வாங்கும்போது விசையை மெதுவாக அழுத்தி, பாதி வழியில் டிக் கேட்கிறதா பாருங்கள்.

ஆடிக் காற்றில் கரிசல் புழுதி மாவாக உள்ளே இறங்கும். வயரைக் கழற்றி, விசைமூடிகளை நேர்மேலாக இழுத்தெடுத்து, உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டுங்கள். ஸ்பேஸ்பார், என்டர் விசைகளைப் பதமாக எடுக்க வேண்டும், தாங்கிகள் உடையும். மூடிகளைச் சோப்புநீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். தின்னர், பெட்ரோல் ஆகவே ஆகாது, பிளாஸ்டிக் கரையும்.

ஒரு விசை செத்துப்போனால், ஸ்க்ரோல் லாக் சுவிட்சை எடுத்து அங்கே பற்றவைக்கச் சொல்லுங்கள். அதை யாரும் தொடுவதேயில்லை, செலவும் சொற்பம்.

உருண்டை பிஎஸ்/2 பின் உள்ளதைக் கம்ப்யூட்டர் ஓடும்போது செருகாதீர்கள். யுஎஸ்பி-க்கு மாற்ற, உள்ளே சிப் இருக்கும் கன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள்.