தரை துலங்கினால் கசிவு தெரியும்

கேள்வி: புக்கிட் பாத்தோக் கிரசெண்ட் வட்டாரத்தில் உள்ள ஒரு வாகனப் பட்டறை ‘ஃபைவ் எஸ்’ முறைக்கு மாற நினைக்கிறது. தினமும் மாலையில் கூட்டித் துடைக்கும் இடத்துக்கு அது எதற்கு? வேலை அதனால் எப்படி மேம்படும்?

பதில்: வேலையிடத்தில் எது வழக்கத்திலிருந்து மாறினாலும் அது உடனே கண்ணில் பட வேண்டும். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான ஃபைவ் எஸ் முறையின் நோக்கம் அதுவே. வேண்டாததைக் களைதல் (செய்ரி), வேண்டியதை உரிய இடத்தில் வைத்தல் (செய்டோன்), துப்புரவு (செய்சோ), இம்மூன்றையும் ஒரே சீராக்கல் (செய்கெட்சு), கட்டுப்பாடாகக் கடைப்பிடித்தல் (ஷிட்சுகே) என அதற்கு ஐந்து படிகள். சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. 1972இல் அமைந்த தேசிய உற்பத்தித்திறன் வாரியம் 1981இல் உற்பத்தித்திறன் இயக்கத்தைத் தொடங்கியது. 1983 முதல் 1990 வரை ஜப்பானின் உதவியோடு பெரிய பயிற்சித் திட்டம் ஒன்றையும் நடத்தியது.

களைவதில் தயக்கம் கூடாது. என்றாவது உதவும் என்று சேர்த்த பழைய பம்பர், தீர்ந்த பெயிண்ட் டின், யாருடையது என்றே தெரியாத உதிரிபாகம் எல்லாவற்றிலும் தேதியிட்ட சிவப்பு அட்டையைக் கட்டலாம். குறித்த கெடுவுக்குள் யாரும் கேட்காத பொருள் வெளியேறட்டும். அடுத்து, ஸ்பானர்களின் உருவத்தைப் பலகையில் வரைந்து அதனதன் இடத்தில் மாட்டினால், எது திரும்பி வரவில்லை என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது மூன்றாம் படி. துடைக்கும் கைதான் இயந்திரத்தை முதலில் சோதிக்கிறது. வாகனத்தைத் தூக்கும் லிஃப்டின் தூணைத் துடைப்பவருக்கே ஹைட்ராலிக் குழாயின் ஈரமும் தளர்ந்த போல்ட்டும் தென்படும். எண்ணெய்க் கறை படிந்த தரையில் புதிய சொட்டு தெரியாது. வெளிர்நிறப் பூச்சிட்ட தரையில் தெரியும். தெரிந்த பிறகு துடைத்துவிட்டுப் போனால் பட்டறை சுத்தமாகும், அவ்வளவுதான். எங்கிருந்து சொட்டுகிறது, ஏன் அதே வாஷர் மீண்டும் மீண்டும் தேய்கிறது என்று தேடி அடைத்தால்தான் வேலைமுறை மேம்படும். ஆகவே இந்தப் பணியைத் துப்புரவாளரிடம் மட்டும் ஒப்படைப்பது தவறு. அந்த இயந்திரத்தில் வேலை செய்பவரே அதைத் துடைக்க வேண்டும்.

துப்புரவில் உயிர்ப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் அவென்யூ 11இல் ஒரு தொழிற்கூடத்தில் நிகழ்ந்த வெடிப்பில் மூன்று ஊழியர்கள் மாண்டனர். கலவை இயந்திரத்தில் தொடங்கிய அந்த விபத்தில், வளாகத்தில் படிந்திருந்த உருளைக்கிழங்கு மாவுத்தூளும் தீப்பற்றியது. படிந்த தூளை வெறும் அழுக்காகக் கருதிய எந்தத் தொழிற்கூடமும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டாக வேண்டும்.

கேள்வி: இரண்டு மாதங்களில் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடுவது ஏன்?

பதில்: கடைசி இரண்டு படிகளும் சுவரொட்டியோடு நின்றுவிடுவதே பெரும்பாலும் காரணம். தமிழ், வங்காளம், சீனம், மலாய் பேசுவோர் சேர்ந்து உழைக்கும் பட்டறையில் நீண்ட விதிமுறைத் தாள் பயன்படாது. சரியான நிலையைக் காட்டும் ஒரு புகைப்படத்தை அந்தந்த இடத்திலேயே ஒட்டினால் எல்லாருக்கும் புரியும். தரையில் வண்ணக்கோடு, பயன்படுத்திய எண்ணெய்ப் பீப்பாய்க்குத் தனி நிறம் ஆகியவையும் அவ்வாறே.

இன்னொரு காரணம் நேரம். வேலை முடிந்த பிறகு, சம்பளக் கணக்கில் சேராத நேரத்தில் துடைக்கச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. வேலைநேரத்துக்குள்ளேயே பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். மேற்பார்வையாளர் அப்போது சுற்றி வந்து, ஊழியர் காட்டும் கோளாற்றைக் குறித்துக்கொண்டு, அது எப்போது சரிசெய்யப்படும் என்று பதில் சொல்ல வேண்டும். சொன்ன குறை கிடப்பில் போடப்பட்டால் அடுத்ததை யாரும் சொல்லமாட்டார்கள்.

பட்டறை முழுவதையும் ஒரே வாரத்தில் மாற்றத் தேவையில்லை. ஒரு லிஃப்டிலிருந்து தொடங்கலாம். பிரேக் பேட் மாற்ற ஆகும் நேரத்தையும், அதில் கருவி தேடி நடந்த நேரத்தையும் முன்னதாகவே குறித்துவைத்து, மாற்றத்துக்குப் பின் மீண்டும் அளந்தால், அடுத்த லிஃப்டில் எதை மாற்றுவது என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும்.